வலுவான காந்தப்புலத்தில் மாசூட்டிய உலோகப் படிகங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினித் திரையில் ஒரு வளைகோடு. கிடை அச்சில் பூச்சியத்திலிருந்து 60 டெஸ்லா வரை காந்தப்புலம். நெடு அச்சில் ஒரு யுரேனியச் சேர்மப் படிகத்தின் காந்தமாக்கம். முப்பது டெஸ்லாவைத் தாண்டும்வரை சாதுவாக ஏறிவந்த கோடு முப்பத்தாறுக்குப் பக்கத்தில் துள்ளிக் குதிக்கிறது. புலம் இறங்கும்போது அதே துள்ளல் ஒரு டெஸ்லா தள்ளி வருகிறது. பார்த்தவர் மகிழ்ந்துபோய், "முதல் வகைக் கட்ட மாற்றம், தயக்கத்தின் அகலம் ஒரு டெஸ்லா" என்று குறித்துக்கொள்கிறார்; அதாவது பொருளின் நிலை சட்டென்று தாவுகிறது, ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒரு டெஸ்லா விலகி நிற்கின்றன. அந்த ஒரு டெஸ்லாவில் படிகத்தின் இயல்பு எவ்வளவு, படிகம் நடுவில் சூடாகிப்போனதால் வந்தது எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

இந்த வகைச் சோதனையில் நம் கையில் மூன்று திருகுகள் உண்டு: புலம், வெப்பநிலை, மாசின் (படிகத்தில் வேண்டுமென்றே கலக்கும் வேற்றணுக்களின்) அளவு. ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்று நம்பிவிடுகிறோம். உலோகத்தில், அதுவும் கடும் புலத்தில், அவை நிற்பதில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே நம்பிக்கையின் பிள்ளைகள்.

"வலுவான புலம்" என்றால் எதற்கு வலுவானது?

முதலில் அளவைச் சரிசெய்துகொள்வோம். பூமியின் காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவு. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகள் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. நிலையான புலத்தில் மனிதர் எட்டிய உச்சம் 45 டெஸ்லாவைச் சுற்றி நிற்கிறது. அமெரிக்காவின் டல்லஹாசியிலும் சீனாவின் ஹெஃபேயிலும் உள்ள கலப்புக் காந்தங்கள் அதைத் தருகின்றன. காந்தச் சுருள் உடையாமல் துடிப்பாகத் தரப்பட்ட புலம் 2012இல் லாஸ் அலமோஸில் 100 டெஸ்லாவைத் தாண்டியது. சுருளையே பலிகொடுத்து 2018இல் ஜப்பானின் காஷிவாவில் 1,200 டெஸ்லா எட்டினார்கள். அது நீடிப்பது மைக்ரோ நொடிக் கணக்கில்தான்.

இந்த எண்களைக் கேட்டுவிட்டு, இவ்வளவு புலத்தில் உலோகமே தலைகீழாகிவிடும் என்று நினைப்பது ஒரு தவறு. ஒரு போர் மேக்னட்டான் (அணுவின் காந்த வலிமையை அளக்கும் அலகு) திருப்புத்திறன் மீது ஒரு டெஸ்லா புலம் செலுத்தும் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிப் பார்த்தால் 0.67 கெல்வின்தான் வரும். 60 டெஸ்லா என்றால் 40 கெல்வின். செம்பில் எலெக்ட்ரான்களின் ஃபெர்மி ஆற்றலோ (அவை நிரப்பிய நிலைகளின் உச்ச ஆற்றல்) சுமார் 80,000 கெல்வினுக்குச் சமம். யானை முன் எறும்பு. அதனால்தான் சாதாரண உலோகங்கள் 60 டெஸ்லாவிலும் அசைந்துகொடுப்பதில்லை. ஆற்றல் அளவு பத்து இருபது கெல்வினுக்குள் சுருங்கிக்கிடக்கும் பொருள்கள், அதாவது சீரியம், யுரேனியம் கலந்த கன எலெக்ட்ரான் சேர்மங்கள்தான் (எலெக்ட்ரான்கள் பன்மடங்கு நிறை கூடியவைபோல் நடந்துகொள்பவை) இந்தப் புலத்தில் வாய்திறக்கின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "10 டெஸ்லா போட்டோம், எல்லாத் திருப்புத்திறன்களும் நிறைவடைந்திருக்கும்", அதாவது புலத்தின் திசையில் முழுதாகத் திரும்பியிருக்கும் என்பார்கள். செம்பில் மிகச் சிறிதளவு மாங்கனீசு கலந்த படிகத்தை 4.2 கெல்வினில் 10 டெஸ்லாவில் வைத்தால் அந்தப் பேச்சு ஏறக்குறைய சரி. மாங்கனீசுக்குப் பதில் இரும்பைக் கலந்தால் சரியில்லை. சுற்றியுள்ள கடத்து எலெக்ட்ரான்கள் மாசணுவின் தற்சுழற்சியை (அதன் காந்தத்தன்மையின் ஊற்றை) மூடி மறைக்கும் கோண்டோ விளைவு செம்பு–இரும்பில் முப்பது கெல்வின் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. செம்பு–மாங்கனீசில் அது ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் கீழே கிடக்கிறது. ஒரே உலோகம், ஒரே புலம், ஒரே குளிர். மாசணு மாறியதும் "வலுவான" என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. தங்கத்தில் குளிரக் குளிர மின்தடை குறைந்துகொண்டே வந்து, பிறகு வழக்கத்துக்கு மாறாக ஏறுவதை 1934இல் லைடனில் கண்டபோது அதற்கு விளக்கம் யாரிடமும் இல்லை. ஜூன் கோண்டோ 1964இல் தரும்வரை முப்பது ஆண்டுகள் அந்தப் புதிர் மாசணுவுக்குள் ஒளிந்திருந்தது.

"நாலே சதவீதம்தானே!"

மாசூட்டல் என்றதும் குறைகடத்திகளை நினைத்துக்கொள்பவர்கள் பலர். அங்கே பத்து லட்சத்தில் ஓர் அணு. உலோகப் படிகங்களில் நாம் பேசுவது சதவீதக் கணக்கு. அப்படியும் 4% என்றால் காதில் சின்னதாகத்தான் விழுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யுரேனிய அணுவுக்கு இரண்டு ருத்தேனியம், இரண்டு சிலிக்கான் என்ற விகிதத்தில் அமைந்த நாற்கோணப் படிகம் ஒன்று இந்தத் துறையில் புகழ்பெற்றது. அதில் ஒவ்வொரு யுரேனிய அணுவையும் எட்டு ருத்தேனிய அணுக்கள் நெருங்கிச் சூழ்ந்திருக்கின்றன. ருத்தேனியத்தில் 4%ஐ எடுத்துவிட்டு ரோடியம் வைத்தால், எட்டு அண்டை அணுக்களும் ருத்தேனியமாகவே இருக்கும் வாய்ப்பு 0.96ஐ எட்டு முறை பெருக்கி வருவது: சுமார் 0.72. ஆக, நூறு யுரேனிய அணுக்களில் இருபத்தெட்டின் பக்கத்து வீட்டில் குறைந்தது ஓர் அந்நியர் குடியேறிவிட்டார். நான்கு சதவீத மாசு, கால்வாசிக்கும் மேற்பட்ட காந்த அணுக்களின் சூழலை மாற்றிவிட்டது. தூய படிகத்தில் 17.5 கெல்வினில் தோன்றும் "மறை ஒழுங்கு" என்ற அந்தப் புதிரான நிலை 4% ரோடியத்தில் காணாமலே போகிறது என்பதில் பிறகு வியப்பு இல்லை.

அடுத்த தவறு, மாசூட்டலை "எலெக்ட்ரான் கூட்டுவது, குறைப்பது" என்று மட்டும் படிப்பது. ஒரு மாசணு குறைந்தது மூன்று வேலைகளைச் சேர்த்தே செய்கிறது: எலெக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றுகிறது, படிகத்தின் இடைவெளிகளை இழுக்கிறது அல்லது நெருக்குகிறது, ஒழுங்கைக் குலைக்கிறது. சில வேளை தன் சொந்தத் திருப்புத்திறனையும் மடியில் கட்டிக்கொண்டு வருகிறது. அதே ருத்தேனியச் சேர்மத்தில் ரோடியம் போட்டால் எலெக்ட்ரான் ஒன்று கூடுகிறது. ரேனியம் போட்டால் ஒன்று குறைகிறது, போதுமான அளவு போட்டால் படிகம் ஃபெர்ரோ காந்தத் தன்மைக்கு (திருப்புத்திறன்கள் ஒரே திசையில் நிற்பது) நகர்கிறது. இரும்பு போட்டாலோ வேதி வரிசையில் ருத்தேனியத்தின் நேர் மேலுள்ள தம்பி என்பதால் எலெக்ட்ரான் எண்ணிக்கை மாறுவதில்லை. அணு சிறியது, படிகம் சுருங்குகிறது, வெளியிலிருந்து அழுத்தியது போன்ற விளைவு கிடைக்கிறது, எதிர்ஃபெர்ரோ காந்த நிலை (அடுத்தடுத்தவை எதிரெதிரே நிற்பது) எட்டிப்பார்க்கிறது. ஒரே ஒரு மாசு வரிசையை மட்டும் அளந்துவிட்டு, "எலெக்ட்ரான் கூடியதால் இப்படி" என்று எழுதுவதற்கு முன் எலெக்ட்ரான் கூட்டாத இன்னொரு மாசையும் அளந்திருக்க வேண்டும். குரோமியத்திலும் இதே கதை: தூய குரோமியத்தின் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு 311 கெல்வினில் குலைகிறது, சில சதவீத வனேடியம் அதை அடியோடு அழித்துவிடும், மாங்கனீசு அதை மேலே தூக்கிவிடும்.

உலையில் எடைபோட்டுப் போட்ட விகிதமும் படிகத்துக்குள் போய்ச் சேர்ந்த விகிதமும் ஒன்றல்ல. உருகிய குழம்பிலிருந்து படிகத்தை இழுக்கும்போது மாசணு திடப்பொருளுக்குள் போகவும் செய்யும், குழம்பிலேயே தங்கவும் செய்யும்; தலைப்பக்கமும் வால்பக்கமும் வேறு வேறு விகிதம். எலெக்ட்ரான் கற்றையால் பகுத்தறிந்த எண்ணைப் போடுங்கள். அதுவும் அளவீட்டில் வைத்த அதே துண்டிலிருந்து எடுத்த எண்ணை.

பல்லேடியத்தில் இரும்பு கலந்தால் இன்னொரு வலை விரிகிறது. சிறிதளவே இரும்பு உள்ள பல்லேடியத்தின் காந்தமாக்கத்தை இரும்பு அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அணுவுக்குப் பத்து போர் மேக்னட்டான் அளவில் விடை வரும். இரும்பு அணுவால் தனியே அவ்வளவு சுமக்க முடியாது. காந்தத்தன்மையின் விளிம்பில் நிற்கும் பல்லேடியம், ஓர் இரும்பணுவைக் கண்டதும் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான தன் அணுக்களைத் திருப்பிவிடுகிறது. வகுத்தல் சரி, எதால் வகுக்கிறோம் என்பதுதான் பிழை.

வெப்பம்: எல்லாத் தவறுகளின் தாய்வீடு

இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் வெளியான வரைபடங்களைப் பார்க்கும்போதும் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான் எழும்.

60 டெஸ்லா எட்ட 10 மில்லி நொடி ஆகிறது என்றால் புலம் நொடிக்குச் சராசரியாக 6,000 டெஸ்லா வேகத்தில் ஏறுகிறது. மாறும் புலம் கடத்தியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும், மின்னோட்டம் சூடாக்கும். அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளைத் துண்டு, மின்தடை எண் 1 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் (சற்றே மாசூட்டிய செம்பு போல) என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு வாட்டுக்கு மேல் வருகிறது. பத்து மில்லி நொடியில் ஒரு ஜூலுக்குச் சற்று அதிகம். ஒரு ஜூல் என்பது கேட்கச் சொற்பம். ஆனால் 4 கெல்வினில் உலோகத்தின் வெப்ப ஏற்புத்திறன் அதைவிடச் சொற்பம். அந்த ஒரு ஜூல் செம்பை 20 கெல்வினுக்கு மேலே கொண்டுபோய்விடும். வரைபடத்தின் மூலையில் "4.2 கெல்வின்" என்று அச்சிட்டிருப்பது படிகத்தைச் சுற்றியுள்ள குளிர்திரவக் குளியலின் வெப்பநிலை. படிகம் வேறு ஊரில் இருக்கிறது.

இங்கேதான் அந்த மூன்று திருகுகள் தந்திரமாகக் கைகோக்கின்றன. மாசூட்ட மாசூட்ட மின்தடை எண் ஏறும். மின்தடை எண் நூறு மடங்கானால் சுழல் மின்னோட்ட வெப்பம் நூறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே தூய படிகம்தான் மிக மோசமாகச் சூடாகும். மாசு கூடக்கூடச் சூடு தணியும். ஒரே துடிப்பில், ஒரே அளவுத் துண்டுகளை வரிசையாக அளந்து, "மாசு கூடும்போது கட்ட மாற்றத்தின் புலம் இப்படி நகர்கிறது, தயக்கம் இப்படிச் சுருங்குகிறது" என்று ஒரு அழகான போக்கை வரைகிறோம். அந்தப் போக்கில் ஒரு பகுதி படிகங்களின் வெப்பநிலைப் போக்கு. மாசுத் திருகைத் திருப்பியதாக நினைத்தோம். வெப்பநிலைத் திருகும் கூடவே சுற்றியிருக்கிறது.

தப்பிக்க வழிகள் உண்டு. சுழல் மின்னோட்ட வெப்பம் ஆரத்தின் இருமடியோடு ஏறுவதால், துண்டை மெல்லியதாக்கினால் போதும்; ஆரம் பாதியானால் வெப்பம் கால்வாசி. புலத்துக்கு இணையாக மெல்லிய சீவல்களாக அறுத்து, இடையில் மின்காப்புப் பசை பூசி அடுக்குவது பழைய, நம்பகமான வழி. பொடியாக்குவதும் உதவும், ஆனால் பொடியில் படிக அச்சுகளின் திசை தொலைந்துபோகும், கட்டிவைக்காத பொடித் துகள்கள் புலத்தில் தாமாகவே திரும்பிக்கொள்ளவும் செய்யும். துடிப்பின் நீளத்தை மாற்றி அளப்பது எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. அதே உச்சப் புலத்தை இரு மடங்கு நேரத்தில் எட்டினால் உள்ளே இறங்கும் மொத்தச் சுழல் மின்னோட்ட வெப்பம் பாதியாகும். உண்மையான முதல் வகை மாற்றத்தின் தயக்கம் அப்படிப் பாதியாகாது. முதலில் சொன்ன அந்த ஒரு டெஸ்லாத் தயக்கத்தை இப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

சுழல் மின்னோட்டம் இல்லாவிட்டாலும் வெப்பநிலை ஒரே இடத்தில் நிற்காது. சில மில்லி நொடிக்குள் குளியலோடு வெப்பம் பரிமாற நேரமில்லை. படிகம் தன் என்ட்ரோபியைக் (ஒழுங்கின்மையின் அளவைக்) கையில் பிடித்துக்கொண்டு புலத்தில் ஏறுகிறது. தனித்தனித் தற்சுழற்சிகள் கொண்ட பொருள் என்றால் புலம் ஏற ஏறச் சூடாகும். சீரியம்–ருத்தேனியம்–சிலிக்கான் போன்ற கன எலெக்ட்ரான் உலோகத்தில், 7.7 டெஸ்லாவுக்கு அருகே காந்தமாக்கம் செங்குத்தாக எழும் இடத்தில் என்ட்ரோபி உச்சம் தொடுவதால், அதை நெருங்கும்போது படிகம் குளிர்ந்து, தாண்டியதும் சூடாகும்.

இதில் ஒரு நுணுக்கத்தை அனுபவசாலிகளும் கோட்டைவிடுவதுண்டு. "ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டன, ஆகவே வெப்பநிலை மாறவில்லை" என்பார்கள். படிந்தது காட்டுவது ஒன்றைத்தான்: நடந்த மாற்றம் மீளக்கூடியது. போகும்போது ஐந்து கெல்வின் சூடாகி, வரும்போது அதே ஐந்து கெல்வின் குளிர்ந்தாலும் கோடுகள் அழகாகப் படியும். தொடக்க வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்து, நிலையான புலத்தில் எடுத்த அளவோடு ஒத்துப்பார்க்காமல் சம வெப்பநிலை என்று சத்தியம் செய்யக் கூடாது.

இந்தக் கணக்கைத் தெரிந்தவர்களுக்குக் காஷிவாவின் 1,200 டெஸ்லாவைப் பார்த்து நாக்கில் நீர் ஊறாது. மைக்ரோ நொடியில் ஏறும் புலத்தில் நல்ல கடத்தியான படிகத்தை வைத்தால், அது முதலில் அடுப்பாகிவிடும். உலோகத்துக்கு 40 டெஸ்லா நிலையான புலம், 100 டெஸ்லா துடிப்பைவிட நேர்மையான சாட்சி.

ஐந்து பாகை சாய்வு

நாம் பேசும் யுரேனியச் சேர்மத்தின் காந்தத் திருப்புத்திறன் படிகத்தின் நெடு அச்சு ஒன்றில் மட்டுமே நிற்கும் பிடிவாதக்காரர். புலம் அந்த அச்சிலிருந்து சாய்ந்தால், அச்சின் திசையில் விழும் கூறு மட்டுமே கணக்கில் வரும். கட்ட மாற்றத்தின் புலம் சாய்வுக் கோணத்தின் கொசைனால் வகுத்த அளவுக்கு உயரும். 5 பாகை சாய்ந்தால் 35.8 டெஸ்லா 35.9 ஆகும், பெரிய விஷயமில்லை. 10 பாகை என்றால் 36.3ஐத் தாண்டிவிடும். 1% மாசின் விளைவு என்று அரை டெஸ்லா நகர்வை யாராவது சொன்னால், படிகத்தை எப்படித் திசைப்படுத்தினீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

திசைப்படுத்தி ஒட்டிய படிகம் அப்படியே இருக்கும் என்று நம்புவதும் தவறு. ஒரு கன மில்லிமீட்டர் படிகம், எடை 10 மில்லிகிராம். 40 டெஸ்லாவில், யுரேனிய அணுவுக்கு ஒன்றரை போர் மேக்னட்டான் திரும்பிய நிலையில், 5 பாகை சாய்வில் அதன்மேல் விழும் திருப்பு விசையைக் கணக்கிட்டுப் பாருங்கள். படிகத்தின் சொந்த எடையைப்போல் சில ஆயிரம் மடங்கு விசையை விளிம்பில் கொடுத்து முறுக்குவதற்குச் சமம். சாதாரணப் பசை கழன்றுவரும். படிகம் பிளப்பதும் உண்டு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே வரைபடம் திடீரென்று நகர்ந்தால், புதிய இயற்பியலைத் தேடுவதற்கு முன் பசையைத் தேடுங்கள்.

திருப்பு விசையையே அளவுகோலாக்கும் மெல்லிய கைநீட்டிக் கருவிகளுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை. அவை காந்தமாக்கத்தை அளப்பதில்லை. புலத்துக்குக் குறுக்கே உள்ள கூறை, அதாவது திசைச் சார்பை அளக்கின்றன. சமச்சீர் அச்சில் சரியாக வைத்தால் எவ்வளவு பெரிய காந்தமாக்கம் இருந்தாலும் அவை பூச்சியம் காட்டும்.

நேர்கோட்டை நம்பாதீர்கள், வளைவையும் நம்பாதீர்கள்

குறைந்த புலத்தில், 2 கெல்வின் பக்கத்தில் காந்த ஏற்புத்திறன் (காந்தமாக்கத்தைப் புலத்தால் வகுத்த எண்) சட்டென்று மேலே வளைந்தால் அது படிகத்தின் ரகசியம் என்று குதிக்க வேண்டாம். பத்தாயிரத்தில் சில தனித்த காந்த அணுக்கள் இருந்தாலே இந்த வளைவு வந்துவிடும். அவை சில டெஸ்லாவிலேயே நிறைவடைந்து அடங்கிவிடுவதால், வலுவான புலத்தில் கிடைக்கும் சரிவுதான் தாய்ப்பொருளுக்கு உரியது. வலுவான புலம் தரும் மிகப் பெரிய சலுகை இதுதான் என்று எனக்குத் தோன்றும். அறுக்கும் கருவியிலிருந்து ஒட்டிய இரும்புத் தூசும் இப்படித்தான். ஏற்புத்திறனைப் புலத்தின் தலைகீழிக்கு எதிராக வரைந்து, தலைகீழி பூச்சியமாகும் இடம்வரை நீட்டினால் தூசின் பங்கு உதிர்ந்துபோகும். ஹோண்டா–ஓவன் முறை என்ற இந்தப் பழைய கைவைத்தியத்துக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை.

துடிப்புப் புலத்தில் உணர்சுருள் உணர்வது காந்தமாக்கத்தை அல்ல, அது மாறும் வேகத்தை. அந்த அலையைத் தொகையிட்டுத்தான் காந்தமாக்கத்தைப் பெறுகிறோம். தொகையிடும்போது சுழிப்பிழை (பூச்சியம் சற்றே தள்ளி நிற்பது) துளி இருந்தாலும் அது நேரத்தோடு வளர்ந்து ஒரு போலிச் சரிவாகும். படிகம் இல்லாமல் ஒரு துடிப்பு, இருந்து ஒரு துடிப்பு என எடுத்துக் கழிக்க வேண்டும். 7 டெஸ்லா வரையாவது மீக்கடத்திக் காந்தத்தில் அளந்த கோட்டோடு பொருத்தி அளவைச் சீராக்க வேண்டும்.

அலைவுகள் இல்லை என்றால் ஃபெர்மி பரப்பு இல்லையா?

1930இல் பிஸ்மத்தில் டி ஹாஸும் வான் ஆல்ஃபனும் கண்ட காந்தமாக்க அலைவுகள், உலோகத்தின் ஃபெர்மி பரப்பை (எலெக்ட்ரான்கள் நிரப்பிய நிலைகளின் எல்லையை) அளக்கும் ஆகச் சிறந்த கோல். மாசூட்டிய படிகங்களில் அவை அடிக்கடி தென்படுவதில்லை. உடனே "மாசு ஃபெர்மி பரப்பைக் கலைத்துவிட்டது" என்று எழுதுவது அவசரம். சிதறலால் வரும் அலைவுத் தேய்மானத்தை டிங்கிள் வெப்பநிலை என்ற எண்ணால் குறிப்பார்கள். எலெக்ட்ரானின் நிறை இயல்பான அளவில் இருந்து, டிங்கிள் வெப்பநிலை 10 கெல்வின் என்றால், 10 டெஸ்லாவில் அலைவின் உயரம் ஏறக்குறைய இருபத்தைந்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். 60 டெஸ்லாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு மிஞ்சும். கன எலெக்ட்ரான் என்றால் நிறை ஏறி, தேய்மானம் அடுக்குக்குறியில் இன்னும் கூடும். பரப்பு அங்கேயே இருக்கிறது. சத்தம் மட்டும் எட்டவில்லை.

அலைவு கிடைத்தாலும் அதிர்வெண்ணை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. அலைவுகள் புலத்தின் தலைகீழியில் சீரானவை. 30 முதல் 60 டெஸ்லா வரை எடுத்துப் பகுத்தால் 60 டெஸ்லாவைவிட நெருங்கிய இரண்டு அதிர்வெண்களைப் பிரிக்கவே இயலாது. கணினி எத்தனை தசம இலக்கம் அச்சிட்டாலும் சரி. புலத்தோடு நேர்விகிதத்தில் மாறும் பரப்பு, அலைவின் அதிர்வெண்ணில் துளிகூடத் தெரியாது என்பது இன்னொரு பொறி; தற்சுழற்சிப் பிளவு புலத்தோடு சீராக வளரும் வரை அதிர்வெண் அசையாது நிற்கும். காந்தமாக்கம் துள்ளும் இடத்துக்கு அருகே அந்தச் சீர்மை கெடும்போது வரும் அதிர்வெண் மாற்றத்தைப் பரப்பின் மாற்றம் என்று நேரடியாக மொழிபெயர்த்தால் விடை தவறும்.

மாசூட்டியதைப் பார்த்துத் தூயதைச் சொல்வது

பெயர் சூட்டுவதில் ஒரு பொறுமை வேண்டும். சீரியச் சேர்மத்தின் 7.7 டெஸ்லா எழுச்சி கோட்டில் கட்ட மாற்றம்போலவே தோன்றும். எவ்வளவு குளிர்வித்தாலும் அது உண்மையான துள்ளலாகக் கூர்மையாவதில்லை, மென்மையான கடப்பாகவே நிற்கிறது. அதேபோல், துள்ளலுக்குப் பிறகு கோடு தட்டையானதும் "நிறைவு" என்று எழுதிவிட வேண்டாம். உலோகங்களில் அதற்குப் பிறகும் கோடு மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது அந்த யுரேனியச் சேர்மத்துக்குத் திரும்புவோம். தூய படிகத்தில் 35 முதல் 39 டெஸ்லாவுக்குள் காந்தமாக்கம் பல படிகளாக ஏறுகிறது. குறுகிய இடத்தில் அடுத்தடுத்த நிலைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. 4% ரோடியம் கலந்தால் மறை ஒழுங்கு மறைந்து, சுமார் 26 முதல் 37 டெஸ்லா வரை அகலமான ஒரே ஒரு நிலை விரிகிறது. அகலமான நிலை என்பதால் அளப்பது எளிது. புலமும் கைக்கெட்டும் உயரத்தில் தொடங்குகிறது. துடிப்புப் புலத்தில் நியூட்ரான் சிதறல் செய்து 2013இல் அதன் அமைப்பைக் கண்டார்கள்: இரண்டு திருப்புத்திறன் மேல் நோக்கி, ஒன்று கீழ் நோக்கி, மூன்றுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு. மாசூட்டிய படிகம் எளிமைப்படுத்தப்பட்ட தூய படிகம்தானே, தூயதிலும் இதே அமைப்புதான் இருக்கும் என்று எண்ணுவது மிகவும் இயல்பு.

தூய படிகத்தில் 35 டெஸ்லாவுக்கு மேல் நியூட்ரான்களைச் செலுத்திய சோதனை 2016இல் வெளிவந்தது. அங்கே கிடைத்தது தற்சுழற்சி அடர்த்தி அலை, அதாவது திருப்புத்திறன் அலைபோல் ஏறியிறங்கும் ஒழுங்கு. அதன் அலைத் திசையன் (அலை எவ்வளவு நெருக்கமாக மீள்கிறது என்று சொல்லும் எண்) அடித்தள அச்சில் 0.6. மாசூட்டியதில் அதே எண் மூன்றில் இரண்டு, அதாவது 0.667. இரண்டும் ஒரே அமைப்பு அல்ல.